கேஷியர் மாமாவின் விரல்

எந்த அடுக்குமாடிக் குடியிருப்பானாலும் கேஷியர் மாமா ஒருவர் இருப்பார். வங்கிக் கவுண்ட்டரில் நோட்டு எண்ணியே ஓய்வு பெற்றவர். 1984-இல் எந்த மளிகைக்கடைக்காரர் எவ்வளவு கடன் வாங்கினார், ஜாமீன் கையெழுத்துப் போட்ட புண்ணியவான் யார் என்பதை இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். (அந்தப் புண்ணியவானின் வாரிசுகள் இவரைக் கண்டால் எதிர்ச் சாரிக்குப் போய்விடுவார்கள்.) தன்னுடைய ஏடிஎம் பின் நம்பரை மட்டும் அவரால் வாயால் சொல்ல முடியாது. அது அவர் விரலில் இருக்கிறது.

மனைவி ஏடிஎம் வாசலிலிருந்து போன் போட்டு, "என்னங்க, நம்பர் என்ன?" என்பார். "இரு, கையைக் கேட்டுச் சொல்றேன்" என்று மாமா சாப்பாட்டு மேஜையில் நாலு தட்டுத் தட்டுவார். விரல் போன இடங்களைக் கண்ணால் படித்து எண்ணாக்கிச் சொல்வார். தப்பாக இருக்கும். மூன்று தரம் சொன்னதில் கார்டு முடங்கியது.

விரல் மேல் குற்றமில்லை. கால்குலேட்டரில் 7, 8, 9 மேல் வரிசை; போனிலும் ஏடிஎம்மிலும் 1, 2, 3 மேல் வரிசை. போனுக்கு எது தோது என்று அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தார் பலவித அடுக்குகளை ஆட்களிடம் கொடுத்துத் தட்டவிட்டுப் பார்த்து, 1960-இல் முடிவை வெளியிட்டார்கள். மாமாவை யாரும் கேட்கவில்லை. இயந்திரத்தின் முன் நின்றால் அவர் விரல் ஏடிஎம் வரிசையில் சரியாகப் போகும். மேஜை முன் உட்கார்ந்தால் கவுண்ட்டர் ஞாபகம் வந்து கால்குலேட்டர் வரிசைக்குத் தாவிவிடும்.

அந்த நாலு இலக்கமே ஒரு மனைவி போட்ட பிச்சை. 1967-இல் லண்டன் பக்கம் என்ஃபீல்டில் பார்க்ளேஸ் வங்கிக்குப் பணம் தரும் இயந்திரம் வைத்துக் கொடுத்தவர் ஜான் ஷெப்பர்டு-பாரன். பிறந்தது நம் ஷில்லாங்கில். ஆறு இலக்கம் வைக்கலாமென்று வீட்டில் சொன்னாராம். நாலுக்கு மேல் தன்னால் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியாது என்று அம்மையார் சொல்லிவிட்டாராம். அவரே சொன்ன கதை இது.

ஆனால் ஆறு இலக்கத்துக்கு மாமா அசருவதில்லை. ஓடிபி 482315 என்று வந்தால், "நாலு லட்சத்து எண்பத்திரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினஞ்சு" என்று ஒரே மூச்சில் மனதில் கட்டிவிடுவார். மனம் ஒரு நேரத்தில் ஏழு உருப்படி, கூடக்குறைய இரண்டு, தாங்கும். பொட்டலம் கட்டினால் இன்னும் கொள்ளும் என்று ஜார்ஜ் மில்லர் 1956-இல் எழுதினார். மாமா நோட்டுக்கட்டாகவே கட்டிவிடுகிறார். ஓடிபி பூஜ்ஜியத்தில் தொடங்கும் நாளில்தான் வம்பு. "எந்த பேங்க்லடா பூஜ்ஜிய லட்சம் இருக்கு?" என்று போனை அதட்டுவார். அதற்குள் குக்கர் விசில் அடிக்கும். "எத்தனை ஆச்சு?" என்று உள்ளேயிருந்து குரல் வரும். "மூணு" என்று பதில் சொல்வதற்குள் லட்சமும் ஆயிரமும் கரைந்துவிடும். மறுபடி மெசேஜைத் திறந்து முழுக்க வாய்விட்டுப் படிப்பார். "யாரிடமும் பகிர வேண்டாம்" என்ற கடைசி வரி மாடிப்படி வரை கேட்கும்.

செயலியிலும் அவர் எழுத்தைப் பார்ப்பதில்லை, இடத்தைத்தான் பார்ப்பார். பணம் அனுப்ப இடது மேல் மூலை, கரண்ட் பில் அதற்குக் கீழே. ஒரு ராத்திரி அப்டேட் ஆகி மூலையில் தங்கக் கடன் வந்து உட்கார்ந்துவிட்டது. பேத்திக்குப் பிறந்தநாள் பணம் அனுப்பப் போனவர், நகையின் எடை கேட்கும் பக்கத்தில் நின்றார். "தாத்தா, மேல எழுதியிருக்கே, படிக்கலையா?" என்றாள் அவள். திரையில் குதித்து வருவதெல்லாம் விளம்பரம் என்று கண்ணை நாமே பழக்கிவிட்டோம். அது இடம் மாறியதைச் சொல்லும் அறிவிப்பையும் சேர்த்துத் தாண்டுகிறது. இதில் நான் மாமா கட்சி. சில வங்கிச் செயலிகள் திருட்டுக் கண்ணுக்குப் பயந்து, திறக்கும்போதெல்லாம் எண்களை இடம் மாற்றிக் கலைத்துப் போடும். திருடன் ஏமாறுகிறானோ இல்லையோ, மாமா ஏமாறுவது நிச்சயம்.

கார்டு முடங்கியதற்குப் பிறகு அவரும் உஷாராகிவிட்டார். புது பின் நம்பரை, ஆறு பொய் இலக்கத்துக்குப் பின்னால் நாலு மெய் இலக்கமாக ஒட்டி, போனில் 'பால்காரர் புதுசு' என்று சேமித்துக்கொண்டார். போன வாரம் காலையில் பால் வரவில்லை. மனைவி அவர் போனை எடுத்துத் தேடி அழைத்தார்.

"என்னங்க, இந்த நம்பர் உபயோகத்துல இல்லைன்னு வருது."

"யார் சொன்னது?" என்றார் மாமா, குளியலறையிலிருந்து. "நேத்துக்கூட அதைப் போட்டு ரெண்டாயிரம் எடுத்தேனே!"