பேட்டரிக்குப் பத்தியம்

ஏலே பேராண்டி, புது லேப்டாப் வாங்கிட்டு வந்து மூணு நாளாச்சு. ஒருத்தரையும் கிட்ட அண்ட விடமாட்டேங்க. பச்ச ஒடம்புக்காரிக்குக்கூட உங்க பாட்டி இம்புட்டுப் பத்தியம் பாத்ததில்ல. மொதத் தடவ எட்டு மணி நேரம் விடாம சார்ஜ் ஏத்தணும்னு ராத்திரி பூரா முழிச்சுக் கெடந்தியே, யாருலே சொன்னா ஒனக்கு? சிநேகிதனா? அவனுக்கு அவன் மாமன் சொல்லிருப்பான்.

அந்த மாமன் காலத்துப் பேட்டரி வேற சாதி மக்கா. நிக்கல் காட்மியம்னு பேரு. பாதியில பாதியில திரும்ப ஏத்துனா, நமக்கு இம்புட்டுதான் வேலைன்னு பழகிப்போயி பாதியிலேயே படுத்துக்கிடும். எங்க மயிலக்காளையும் அப்பிடித்தான். நாலு நாளு அரைப் பொழுதுல அவுத்து விட்டேன். அஞ்சாம் நாளு உச்சிவெயில் வந்ததும் தானா நின்னுட்டு, என்னையத் திரும்பிப் பாக்குது! அதான் அந்தப் பேட்டரிய ஒட்டக் காலி பண்ணிட்டு ஏத்தச் சொன்னாங்க. ஒன்னோடது லித்தியம். 1991-ல சோனிக்காரன் கடைக்குக் கொண்டாந்த ரகம். அதுக்கு அந்தச் சண்டித்தனம் கெடையாது. எட்டு மணி நேரமும் வேண்டாம். நெறஞ்சா அதுவே நிறுத்திக்கிடும். மாடு செத்து எத்தனையோ வருசமாச்சு, நீ இன்னும் மூக்கணாங்கயத்தப் பிடிச்சுக்கிட்டு நிக்கியே.

தாத்தனுக்கு எப்பிடித் தெரியும்னு முழிக்காத. பெட்டியோட ஒரு புத்தகம் வந்துச்சுல்ல? நீ பரண்ல வீசுனத எடுத்து, கண்ணாடிய மாட்டிக்கிட்டு நாந்தான் படிச்சேன். மிச்சத்தக் கோவில்பட்டியில ரிப்பேர் பாக்குற பயலுக்கு ரெண்டு டீ வாங்கிக் கொடுத்துத் தெரிஞ்சுக்கிட்டேன்.

இப்பம் ஒனக்கு அடுத்த கோட்டி பிடிச்சிருக்கு. இருவதுக்குக் கீழ எறங்கப்படாது, எம்பதுக்கு மேல ஏறப்படாது. கணக்கு என்னமோ சரிதான். வயிறு முட்டக் கெடந்தாலும் ஆகாது, ஒட்டக் காஞ்சாலும் ஆகாது. மனுசனுக்கு மட்டும் ஆகுதாக்கும்? அதுக்காவ எம்பத்தொண்ணு ஆயிட்டுன்னு பாதிச் சோத்துல எந்திரிச்சு ஓடுவியாலே? எம்பதுல நிறுத்துன்னு சொல்லி வைக்க முக்காவாசி லேப்டாப்புக்குள்ளேயே வழி வச்சிருக்கான். ஒருக்கத் தட்டி விட்டுட்டு ஒக்காந்து சாப்பிடு. வெளியூர் போறன்னைக்கு நூறு ஏத்திக்கோ. கல்யாண வீட்டுல ஒரு நாளு வயிறு முட்டத் தின்னவன் செத்தா போனான்?

இந்த லித்தியம் பேட்டரிக்குப் பாடுபட்ட மூணு பேருக்கு 2019-ல நோபல் கொடுத்தாங்க. அதுல ஒருத்தர் அமெரிக்காக்காரர், ஜான் குட்இனஃப். அப்பம் வயசு 97. அம்புட்டு வயசுல நோபல் வாங்குனவர் அதுக்கு முன்ன ஒருத்தரும் இல்லையாம். நல்லாக் கேட்டுக்கோ, கெழவன் கண்டுபிடிச்சதுக்குத்தான் நீ காவல் இருக்க. அவரு பேருக்கே ‘இம்புட்டுப் போதும்’னுதான் அர்த்தமாம். பேருலயே வெவரம் சொல்லிட்டுப் போயிருக்காரு மனுசன், நீ என்னடான்னா சதவீதத்த எண்ணிக்கிட்டுக் கெடக்க.

சரி, இம்புட்டு ஆசாரம் பாக்குறவன் அதக் கொண்டுபோயி எங்க வச்ச? மெத்தையில. அதுக்கடியில தலகாணி. காத்து போற ஓட்டையெல்லாம் பஞ்சுல பொத்திக்கெடக்கு. உள்ள விசிறி மூச்சு வாங்குது. சித்திர மாசம், தகரக் கூரை, மதியம் ரெண்டு மணி. நாயே நெழல் தேடி ஓடுது, நீ பேட்டரியப் போர்த்திப் படுக்க வைக்க! அதுக்கு எமன் வெக்கைதாண்டா. நூறு ஏறுனதுல சாகுறத விட, சூட்டுல நூறு ஏறிக் கெடந்துதான் வெரசாச் சாகுது. நேத்துக் காருக்குள்ள பூட்டிட்டுக் கோயிலுக்குப் போனியே, அர்ச்சனை யாருக்கு, பேட்டரிக்கா?

பயந்துக்கிட்டுப் பீரோவுல பூட்டியும் வைக்காத. சும்மா கெடந்தாலும் அதுக்கு வயசாகும். ரொம்ப நாளு எடுக்கப் போறதில்லைன்னா பாதி சார்ஜுல குளுந்த எடத்துல வையி. இன்னைக்குப் பாதி, நாளைக்குப் பாதி தீத்தா ரெண்டுஞ் சேந்துதான் ஒரு சுத்து. அப்பிடி நூத்துக்கணக்குல சுத்து தாங்கும். பொறவு கொள்ளளவு கொறையும். கொறையட்டுமே. ஒழைக்கத்தான வாங்குன?

ஒண்ணுக்கு மட்டும் பயப்படு. அடிவயிறு உப்பி, விரல் தேய்க்கிற பலகை மேல தூக்குச்சுன்னா அன்னையோட நிறுத்திரு. ஊசியால குத்திக் காத்தப் புடுங்குதேன்னு வீரம் காட்டாத, தீப்பிடிச்சிரும். குப்பையிலயும் போடாத. கடைக்காரன் கையில கொடுத்துரு.

வேற ஒண்ணுமில்ல. மொதல்ல அந்தத் தலகாணிய உருவு. அது ஏந் தலகாணி. மூணு நாளா நான் துண்டச் சுருட்டி வச்சுப் படுக்கேன்.