சென்னை இறங்குகிறது, செங்கோட்டை?

கே: சென்னையில் தரையே கீழே இறங்குகிறதாமே! ஆகாயத்தில் சுற்றும் செயற்கைக்கோளுக்கு மில்லிமீட்டர் வித்தியாசம் எப்படித் தெரியும்? மகன் வேறு அங்கே பிளாட் பார்க்கிறான்.
(செங்கோட்டையிலிருந்து ஒரு தகப்பனார்)

ப: ரேடார் அலை போய்த் திரும்பி வருகிறது. அதே தடத்தில் 12 நாள் கழித்து மறுபடி அனுப்புவார்கள். இடையில் தரை இறங்கியிருந்தால் அலை கொஞ்சம் பிசகி வரும். அந்தப் பிசகுதான் கணக்கு. மொட்டைமாடியும் கான்கிரீட்டும் அலையைப் பளிச்சென்று திருப்பிவிடும். குற்றாலத்து மலைக்காடுதான் தொல்லை. சாரலில் ஆடுகிற இலை எந்தக் கணக்குக்கும் அடங்காது! 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய நிசார் ரேடார் செயற்கைக்கோளில் 24 சென்டிமீட்டர் நீள அலையும் இருப்பதால், இலையைத் தாண்டித் தரையைத் தொடும்.

2015 முதல் 2023 வரையிலான ரேடார் பதிவுகளை அலசி 2025-இல் வெளியான ஆய்வின்படி, சென்னையின் சில இடங்கள் வருஷத்துக்கு அதிகபட்சம் 31.7 மில்லிமீட்டர் இறங்குகின்றன. (இறங்காதது வீட்டு விலை மட்டும்தான்.) முக்கியக் காரணம் போர்வெல். களிமண்ணுக்குள் இருக்கும் தண்ணீரை உறிஞ்சினால் மண் அமுங்கத்தானே செய்யும்? உங்கள் ஊருக்கு அடியில் கெட்டிப் பாறை. கிணறு வற்றலாம், வீடு இறங்குவது அபூர்வம்.

ஒரு பக்கம் மட்டும் அதிகமாக இறங்கினால்தான் சுவர் விரிசல் விடும். பால்கனியிலிருந்து கடல் தெரிகிறதா என்று பார்ப்பதற்கு முன், மண் பரிசோதனை அறிக்கையைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள் மகனை.