மணவினையை முடிப்பவர் யார்?

கேள்வி: கிறிஸ்தவ விவாகத்தில் தம்பதிகளை இணைப்பது குருவா, அவர்களுடைய சம்மதமா?

பதில்: சம்மதமே என்பது ரோமாபுரிச் சபையின் புராதன சித்தாந்தம்; மணமக்களே விவாகமென்னும் தேவதிரவிய அநுமானத்தை ஒருவருக்கொருவர் வழங்க, குரு சபையின் சாட்சியாக நிற்கிறார். கீழைச் சபையோ குருவின் ஆசீர்வாதத்தையே பிரதானமாகக் கொள்கிறது. விவாகம் தெய்வ நியமமேயன்றித் தேவதிரவிய அநுமானமன்று என்று 1520-இல் எழுதிய சமயச் சீர்திருத்தவாதி லூத்தர், 1525-இல் முன்னாள் கன்னிகாஸ்திரீ ஒருவரை மணந்து, வாதத்தை வாழ்க்கையாகவும் ஆக்கிக்கொண்டார். 1563-இல் ரோமாபுரிச் சபையின் திரெந்து நகர்ச் சங்கம் அவர் கொள்கையைக் கண்டித்ததோடு, இரகசியமாய் ஒருத்தியை மணந்து, பின்பு அவளைக் கைவிட்டு மற்றொருத்தியைப் பகிரங்கமாய்க் கைப்பிடித்த ஆடவரின் அக்கிரமத்தைத் தடுக்கும்பொருட்டு, பங்குக்குருவும் இரண்டு மூன்று சாட்சிகளும் இல்லாத விவாகம் செல்லாதென்றும் விதித்தது. அவ்விதியை நான் மனமாரப் போற்றுகிறேன்; தேவன் ஒருவரே கேட்ட சம்மதத்தை, கைவிடப்பட்ட அபலை எந்த நியாயஸ்தலத்தில் நிரூபிப்பாள்?