போன் ஜோசியம் சொன்ன ஆம்ப்ளிஃபயர்

எலெக்ட்ரிக் கிடாரை ஆம்ப்ளிஃபயர் இல்லாமல் மீட்டினால் கொசுவலை கிழிகிற சத்தம்தான் வரும். மகாராஜபுரத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு மாதம் கொசுவலையைக் கிழித்தேன். ஆம்ப்ளிஃபயருக்குக் கடையில் சொன்ன விலைக்கு ஒரு கன்றுக்குட்டி பிடித்துவிடலாம். நாமே கட்டிவிட்டால் என்ன என்று மதுரைக்குப் பஸ் ஏறினேன். அப்போது பட்டன் போன் காலம்.

வாங்கி வந்தது டிடிஏ 2030 என்கிற ஐ.சி. ஐந்து கால், முதுகில் ஓட்டை போட்ட ஒரு தகடு. சரியாகக் கட்டினால் 14 வாட் தரும். கூடவே 12-0-12 டிரான்ஸ்ஃபார்மர், நாலு டையோடு. 12 வோல்ட்டை டையோடு வழியாக டி.சி. ஆக்கினால் 17 வோல்ட் ஆகும், அந்த ஐ.சி. தாங்குவது 18. எங்கள் ஊரில் நடுராத்திரி கரண்ட் எகிறுகிற எகிறலுக்கு அந்த ஒரு வோல்ட் இடைவெளி எம்மாத்திரம்?

பெட்டிக்கு அப்பத்தாவின் சீரக டப்பா. பிஸ்கட் வந்த தகர டப்பா அது. ஐ.சி.யை அதன் சுவரில் வைத்து போல்ட் முடுக்கி, சுவிட்சைப் போட்டேன். ஃபியூஸ் போனது. இன்னொன்று போட்டேன், அதுவும் போனது. மூன்றாவதற்கு, நம் ஊர் வழக்கப்படி, செம்புக் கம்பியைச் சுற்றினேன். இந்தத் தடவை ஃபியூஸ் போகவில்லை. டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வார்னிஷ் வாசனையோடு சீரகம் வறுபடும் வாசனை வந்தது.

வத்திராயிருப்பில் ஒரு மைக்செட் அண்ணன் உண்டு. சதுரகிரி மலைக்கு ஆடி அமாவாசைக் கூட்டம் எங்கள் ஊர் வழியாக அடிவாரத்துத் தாணிப்பாறைக்குப் போகிற வாரத்தில் அவரைப் பிடிக்க முடியாது. அது முடிந்ததும் டப்பாவோடு போய் நின்றேன். ஒரு 100 வாட் குண்டு பல்பைச் சீரியஸில் மாட்டி அதன் வழியாக என் டப்பாவுக்குக் கரண்ட் கொடுத்தார். பல்பு கல்யாண வீடு மாதிரி ஜெகஜோதியாக எரிந்தது.

“தம்பி, பல்பு எரிஞ்சா உன் செட்டு எரியுதுன்னு அர்த்தம். மைக்கா போட்டியா?”

மைக்காவா? கடைக்காரர் ஒரு பளபளப்பான துண்டு கொடுத்தார். ஜிகினா என்று நினைத்துத் தூக்கி எறிந்துவிட்டேன். ஐ.சி.யின் முதுகுத் தகடு உள்ளுக்குள் மூன்றாம் காலோடு சேர்ந்தது. அங்கே மைனஸ் 17 வோல்ட். டப்பாவோ எர்த். நடுவில் மைக்கா இல்லாவிட்டால் நேரடி ஷார்ட். அண்ணன் புது ஐ.சி., மைக்கா, போல்ட்டுக்கு ஒரு பிளாஸ்டிக் வாஷர் எல்லாம் போட்டார். பல்பு ஒரு மினுக்கு மினுக்கி அணைந்தது. கிடார் சொருகும் ஜாக்கில் விரலை வைத்தார். ஸ்பீக்கர் ‘ம்ம்ம்’ என்றது. “உசிரு வந்திருச்சு, போ.”

வீட்டில் கிடாரைச் சொருகினேன். சத்தமே இல்லை. உருவிவிட்டு விரலை வைத்தால் ‘ம்ம்ம்’. மறுபடி சொருகினால் மௌனம். மூன்று நாள் இதே கூத்து. நாலாம் நாள் அது தானாக ‘டிர்ர் டிக் டிக் டிர்ர்’ என்றது. இரண்டு விநாடி கழித்து அப்பாவின் போன் அடித்தது. சாயங்காலமும் அப்படியே. அந்தக் கால ஜி.எஸ்.எம். போன் விநாடிக்கு 217 தடவை அலையை வெட்டி வெட்டி அனுப்பும். எங்கோ தொங்குகிற ஒயர் அதைப் பிடித்துவிடும். அப்பத்தாவிடம் இதை விளக்கிப் பார்த்தேன். “சித்தருங்க மலை பக்கத்துல இருக்கு, சும்மாவா?” என்று டப்பாவுக்குத் திருநீறு பூசிவிட்டாள். சீரகம் போன வருத்தமும் தீர்ந்தது.

கடைசியில் பார்த்தால், குற்றம் ஜாக்கில்தான். அதில் மூன்று காது. ஒன்று எர்த், ஒன்று சிக்னல். மூன்றாவது, பிளக் நுழைந்ததும் விலகிக்கொள்கிற சுவிட்ச். நான் ஒயரைப் பத்தவைத்திருந்தது மூன்றாவதில். கிடார் வீட்டுக்குள் வந்ததும் கதவு சாத்திக்கொண்டது. வெளியே தொங்கிய ஒயர் ஏரியல் ஆகிவிட்டது. ஒயரைப் பக்கத்துக் காதுக்கு மாற்றி, வலை சுற்றிய ஷீல்டு ஒயராகப் போட்டேன். கிடார் பேசியது. ஜோசியம் நின்றுபோனது.

“நல்லா இருந்ததைக் கெடுத்துட்டான்” என்றாள் அப்பத்தா.

நீங்களும் கட்டுவதாக இருந்தால் மைக்கா இரண்டாக வாங்குங்கள். ஒன்று எப்படியும் தொலையும்.