அல்லிராணியின் வீட்டைக் கட்டிய துரை

முருங்கனில் இறங்கி, வயல்வெளியைத் தாண்டிச் சிலாவத்துறைப் பக்கம் போனால் அரிப்பு வரும். கடலோர மேட்டில் அரைகுறையாய் நிற்கும் செங்கல் சுவர்கள் என்னவென்று கேட்டால் ‘அல்லிராணி கோட்டை’ என்பார்கள். கதையில் வரும் அல்லிராணிக்கும் அந்தச் செங்கலுக்கும் உள்ள உறவு, எனக்கும் இங்கிலாந்து ராணிக்கும் உள்ள உறவுதான்.

கட்டியவர் இலங்கையின் பிரித்தானியத் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த். இவருடைய அப்பா இங்கிலாந்தின் பிரதமராயிருந்து அமெரிக்காவைத் தொலைத்தவர். மகன் 1803இல் கண்டிக்குப் படை அனுப்பிக் கையைச் சுட்டுக்கொண்டார். அதே காலத்தில், 1801க்கும் 1804க்கும் இடையில், இங்கே மாளிகை எழும்பியது. துரைக்குக் கிரேக்கப் பித்து. மதம் மாறும் அளவுக்குப் பித்து. ஆகவே டோரிக் தூண்கள். வரைபடமும் அவருடையதே. தீவிலேயே அழகான கட்டடம் இதுதான் என்று ஜேம்ஸ் கோர்டினர் 1807இல் தன் நூலில் எழுதினார். துரைக்குக் கீழே வேலைபார்த்த பாதிரியார் வேறென்ன எழுதுவார்!

மாளிகை எதற்கு? முத்துச் சலாபத்தை மேற்பார்வை பார்க்க. குளித்தெடுத்த சிப்பியைக் கரையில் குவித்து, அழுகவிட்டு, புழு மேய்ந்தபின் கழுவினால்தான் முத்து. தீவின் அழகான வீட்டைத் தீவின் நாற்றமான கரையில் கட்டிய பெருமை துரைக்கே.

அவர் கடைசிவரை கலியாணம் கட்டவில்லை. அல்லியோ ஆண்வாடையே ஆகாதவள், அருச்சுனனையே அலையவிட்டவள். ஊர்ச்சனம் துரையைக் கிளப்பிவிட்டு அவளைக் குடிவைத்தது. உறுதியும் இல்லை, முத்திரையும் இல்லை.

கொழும்பில் வீடு கைமாறுவதெல்லாம் ஒழுங்காக நடக்கும். எனா டி சில்வாவுக்குக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1962இல் கட்டிமுடித்த நடுமுற்ற வீட்டுக்கு, பக்கத்து ஆசுபத்திரி காணியைக் கேட்டதால் வினை வந்தது. 2009இல் கல்லுக்கும் கதவுக்கும் இலக்கம் போட்டுக் கழற்றி, பெந்தோட்டைப் பக்கம் லுணுகங்கைக்குக் கொண்டுபோய்த் திரும்பப் பூட்டினார்கள். எங்கள் பக்கத்தில் யுத்தக் காலத்தில் சனம் இடம்பெயர்ந்தது, வீடு கிடந்தது. அங்கே வீடே இடம்பெயர்ந்தது, அதுவும் பட்டியலோடு.

அரிப்பில் காணி கேட்பது கடல். அது விலை பேசாது, இலக்கம் போடவும் நேரம் தராது. ஒவ்வொரு சோளகக் காற்றுக்கும் மேட்டைக் கரைத்து, தூணையும் சுவரையும் கீழே இழுத்துக்கொள்கிறது. துரை வரைபடத்தை விரித்த அன்று பக்கத்தில் நின்ற முதலியார்மாரில் ஒருவராவது தொண்டையைச் செருமியிருக்கலாம்: “ஐயா, இந்த ஊரின் பேரே அரிப்பு.”