நிற்காமல் ஓடும் மெஷின்

கேரி, வட கரோலினா
ஜனவரி

அன்புள்ள மாமாவுக்கு,

மாப்பிள்ளை எழுதுவது. அத்தைக்கு மூட்டுவலி தேவலையா?

எங்கள் ஏசி நிற்காமல் ஓடுகிறது என்று போனில் நான் பாதி சொல்வதற்குள், "கேஸ் இறங்கியிருக்கும் மாப்ள, அடிச்சா சரியாப்போகும்" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். மதுரையில் காலமெல்லாம் ஏசி பார்த்தவருக்கு எதிர்ப்பேச்சு பேச முடியுமா? அதனால்தான் கடிதம்.

இங்கே எங்கள் வீட்டில் ஏசியே ஹீட்டரும். பெயர் ஹீட் பம்ப். உள்ளே ஒரு ரிவர்சிங் வால்வு இருக்கிறது. குளிர்காலத்தில் அது கேஸின் வழியைத் திருப்பிவிட்டால் வெளியூனிட்டின் காயில் குளிரும், உள்யூனிட்டின் காயில் சுடும். வெளியே தண்ணீர் உறைகிறது; அந்தக் காற்றிலிருந்து சூடு எடுப்பது கஞ்சனிடம் கோயில் நன்கொடை வாங்குவது மாதிரி. ஆனாலும் வாங்கிவிடுகிறது. ஒரு யூனிட் கரண்டுக்கு இரண்டு, மூன்று யூனிட் சூடு.

குளிர் கூடக் கூட வீடு இழக்கும் சூடு ஏறுகிறது, மெஷின் தரும் சூடு இறங்குகிறது. இரண்டும் சமமாகிற இடத்தில் மெஷின் மூச்சுவிடாமல் ஓடும். அதில் கோளாறு ஒன்றுமில்லை. அதற்கும் கீழே போனால் துணைக்கு இருக்கும் மின்சார ஹீட்டர் சுருள் சேர்ந்துகொள்ளும். அதுதான் வில்லன்: ஒரு யூனிட்டுக்கு ஒரு யூனிட்தான் தரும், பில்லைப் பார்த்தால் நமக்கே சுடும்.

உங்கள் மகள் காற்று வரும் துவாரத்தில் கையை வைத்து, "சில்லுனு வருது" என்பாள். வருவது 90 ஃபாரன்ஹீட், அவள் உடம்பு 98, சில்லென்றுதான் இருக்கும். உடனே தெர்மோஸ்டாட்டை 75-க்கு ஏற்றுவாள். ஒரே தாவலாக ஏற்றினால் சுருள் ஓடிவந்துவிடும்.

ஒருநாள் வெளியூனிட்டிலிருந்து குபுகுபுவென்று வெள்ளையாகக் கிளம்பியது. உங்கள் பேரன் "தீ! தீ!" என்று தெருவைக் கூட்டிவிட்டான். காயிலில் படிந்த உறைபனியைக் கரைக்க, சில நிமிடம் மெஷின் தானாகவே ஏசியாக மாறி ஓடுமாம். வந்தது வெறும் நீராவி.

ஆனால் அவ்வளவு குளிரில்லாத பகலிலும் நிற்காமல் ஓடியதே, அது மட்டும் உதைத்தது. மெக்கானிக்கை அழைத்தோம். கேஸ் சரியாக இருந்தது மாமா, கோபித்துக்கொள்ளாதீர்கள். ஃபில்டர் மட்டும் அழுக்கடைந்திருந்தது. பிறகு மனிதர் டார்ச்சோடு வீட்டுக்கு அடியில் தவழ்ந்து போனார். இங்கே தரைக்கும் மண்ணுக்கும் நடுவே ஆள் தவழும் அளவு இடைவெளி விட்டுத்தான் பல வீடுகளைக் கட்டியிருக்கிறார்கள்; சூட்டுக்காற்றுக் குழாய்கள் அதில்தான் ஓடுகின்றன. எங்கள் படுக்கையறைக் குழாய் கழன்று விழுந்து கிடந்தது. நாங்கள் மேலே இரண்டு ஸ்வெட்டரோடு தூங்க, பக்கத்து வீட்டுப் பூனை கீழே எங்கள் செலவில் குளிர்காய்ந்திருக்கிறது. குழாயை மாட்டிப் பட்டை போட்டு இறுக்கி, இணைப்பில் பசை பூசிவிட்டுப் போனார்.

இப்போதும் கடுங்குளிர் இரவில் ஓடத்தான் செய்கிறது. ஓடட்டும். பகலில் நின்று நின்று ஓடுகிறது, சுருள் எப்போதாவதுதான் எட்டிப்பார்க்கிறது.

ஓர் உதவி மாமா. தெர்மோஸ்டாட்டை 68-லேயே விட்டுவைக்கச் சொல்லி உங்கள் மகளிடம் நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள். நான் சொன்னால் எடுபடவில்லை. அது நம்மூர்க் கணக்கில் வெறும் 20 டிகிரி என்பதை மட்டும் அத்தையிடம் சொல்லிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை