நிலாவுக்கு மாவு பூச வேண்டாம்

முதல் தடவை மொட்டைமாடியில் முக்காலியை நிறுத்தி, கேமராவை வானத்துக்குத் திருப்பி, முப்பது விநாடி ஷட்டரைத் திறந்துவைத்தேன். எடுத்தது ஓரியன். வந்தது சேமியா. “ஏங்க, இதுக்கா ரெண்டு மணி நேரம் கொசுக்கடி?” என்றாள் மனைவி. பூமி மணிக்கு 15 டிகிரி சுழல்கிறது, நட்சத்திரம் இழுபடத்தான் செய்யும் என்று விளக்கினேன். பூமியை அவள் மன்னித்துவிட்டாள்.

ஆறுதலுக்காக இந்தத் தொழிலின் முன்னோர்களைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். தேவைக்கு மேலேயே கிடைத்தது.

புகைப்படத்துக்கே தகப்பனான டாகேர் 1839-ல் பாரிஸில் நிலாவைப் பிடித்துப் பார்த்தார். கலங்கல். அதே வருஷம் மார்ச்சில் அவருடைய டயோரமா அரங்கம் தீப்பிடித்து, பட்டறையும் சேர்ந்து சாம்பலானது. சகுனம் பார்க்கிற சமூகமாக இருந்தால் விண்வெளிப் படம் எடுக்கும் ஆசை அன்றோடு ஒழிந்திருக்கும்.

ஒழியவில்லை. நியூயார்க்கில் ஜான் வில்லியம் டிரேப்பர் என்றொரு வேதியியல் பேராசிரியர். அந்தக் காலத் தகடு மந்தம்; மனித முகம் அதில் விழுவதற்கு வெளிச்சம் பற்றாது. ஆரம்பத்தில் அவர், எதிரே உட்காருகிறவர் முகத்தில் மாவைப் பூசிவிட்டுப் படம் எடுத்தாராம். இவர் கேமராவுக்கு முன்னால் அசையாமல் உட்கார்ந்தவர்களில் அக்கா டாரத்தியும் ஒருவர். தம்பியின் படிப்புக்காக உழைத்த அக்காவுக்கு இது கைம்மாறு. நிலாவோடு அந்த வம்பு இல்லை, அது மாவு பூசிக்கொண்டேதான் வரும். 1840-ல் 20 நிமிஷம் திறந்துவைத்து, ஓர் அங்குல அகலத்தில் ஒரு நிலாவை எடுத்துவிட்டார்.

லண்டனில் வாரன் டெ ல ரூ, கடித உறை மடிக்கும் இயந்திரம் செய்து காசு பார்த்த அச்சுத்தொழில்காரர். 1850களில் ஈரக் கொலோடியன் வந்திருந்தது. கண்ணாடியில் பசையை ஊற்றி, வெள்ளிக் கரைசலில் முக்கி, காய்வதற்குள் படம் எடுத்து, காய்வதற்குள் கழுவியும் ஆக வேண்டும். தோசைக்கல்லை அடுப்பில் போட்டுவிட்டு மாவு ஆட்டப் போகிற வேலை. போதாததற்குத் தொலைநோக்கியைத் திருப்ப அவரிடம் கடிகாரப்பொறி கிடையாது. நிலா நகர நகரத் தகட்டையும் கையாலேயே நகர்த்தினார். அலுத்துப்போய் நிறுத்திவிட்டு, பொறி பொருத்திய பிறகு 1857-ல்தான் மறுபடி உட்கார்ந்தார். “மவுண்ட் வாங்காம ஆரம்பிக்காதீங்க தம்பி” என்று இன்றைக்குப் புத்தி சொல்கிற அண்ணன்மார் எல்லாரும் இவருடைய வாரிசுகள்.

ஆனால் என் குலதெய்வம் ஹென்ரி டிரேப்பர்தான், மாவு பூசியவரின் மகன். மருத்துவம் படித்த பிள்ளை. 1857-ல் அயர்லாந்து போன இடத்தில் ராஸ் பிரபுவின் ஆறடித் தொலைநோக்கியைப் பார்த்துத் தொலைத்தார். நண்பன் வீட்டு மாடியில் சனியின் வளையத்தைப் பார்த்துவிட்டு மறுநாளே தவணைக்குத் தொலைநோக்கி வாங்குகிறோமே, அதே வியாதி. ஊர் திரும்பி, பதினைந்து அங்குல உலோக ஆடி ஒன்றை மாதக்கணக்கில் தேய்த்துப் பளபளப்பாக்கினார். குளிர்காலத்தில் கொஞ்சம் தண்ணீர் உறைந்து விரிந்ததில் ஆடி இரண்டாகப் பிளந்தது. மனுஷன் அழுதாரோ என்னவோ, அடுத்துக் கண்ணாடியில் வெள்ளி பூசும் வழிக்குப் போய் நூறு ஆடிக்கு மேல் தேய்த்துத் தள்ளினார். தகட்டை நகர்த்த முதலில் மணற்கடிகாரம், அப்புறம் நீர்க்கடிகாரம். அப்பா ஒரு நிலா எடுத்துப் பேர் வாங்கினார். மகன் 1863 வாக்கில் எடுத்த நிலா நெகட்டிவ் சுமார் 1500. ஹார்ட் டிஸ்க் நிறைந்துவிட்டது என்று புலம்புகிறவர்கள் கவனிக்கவும்.

1867-ல் அன்னா பாமரைக் கல்யாணம் செய்தார். புதுப் பெண்டாட்டியை எங்கே கூட்டிப்போனார்? 28 அங்குல ஆடிக்குக் கண்ணாடி தேர்ந்தெடுக்க! அதைத்தான் தங்கள் கல்யாணப் பயணம் என்று இருவரும் பின்னால் சொல்லிச் சிரிப்பார்களாம். அந்த அம்மாளும் லேசுப்பட்டவர் அல்ல. இரவில் பக்கத்திலேயே நின்று தகடுகளுக்கு ஈரக் கொலோடியன் பூசியது அவர்தான். என் வீட்டில் இந்தப் பகுதியை உரக்க வாசித்துக் காட்டினேன். சமையலறையில் ஒரு பாத்திரம் தேவைக்கு அதிகமாகச் சத்தம் போட்டது.

உலர்தகடு வந்ததும் காய்கிற பயம் போயிற்று. 1880 செப்டம்பர் 30 அன்று, 11 அங்குலத் தொலைநோக்கியில் 51 நிமிஷம் திறந்துவைத்து, ஓரியன் நெபுலாவை முதல்முறையாகப் படமாக்கினார் ஹென்ரி. 1882 மார்ச்சில் அதையே 137 நிமிஷம். அந்த நவம்பரில், 45 வயதில், நுரையீரல் உறை அழற்சியில் போய்ச் சேர்ந்தார். அன்னா சாமான்களைப் பரணில் ஏற்றவில்லை. ஹார்வர்டு ஆய்வகத்துக்குப் பணம் கொடுத்தார். அதில் விளைந்ததுதான் இரண்டே கால் லட்சம் நட்சத்திரங்கள் கொண்ட ஹென்ரி டிரேப்பர் பட்டியல். நட்சத்திரப் பேரில் ‘ஹெச்டி’ என்று பார்த்து டிவியை நினைக்க வேண்டாம், இவர்தான் அது.

1883-ல் லண்டன் ஈலிங்கில் ஆன்ட்ரூ காமன், தன் வீட்டுத் தோட்டத்தில் 36 அங்குல ஆடியைத் திருப்பி அதே ஓரியனை 37 நிமிஷத்தில் எடுத்தார். கண்ணுக்கே படாத நட்சத்திரங்கள் தகட்டில் விழுந்திருந்தன. தொழில்? சுகாதாரப் பொறியாளர். பகலில் சாக்கடை, இரவில் நெபுலா.

அப்புறம் எல்லாரையும் போல அவருக்கும் பெரிய ஆடி ஆசை வந்தது. ஐந்தடியில் ஒன்று செய்யப் புகுந்து, 36 அங்குலத்தை 1885-ல் ஹாலிஃபாக்ஸ் ஊர் எட்வர்ட் கிராஸ்லியிடம் விற்றுவிட்டார். கிராஸ்லி கம்பள ஆலைக் குடும்பம்; காசுக்குப் பஞ்சமில்லை, தெளிந்த வானத்துக்குத்தான் பஞ்சம். பத்து வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு, 1895-ல் தொலைநோக்கியையும் அதன் குவிமாடக் கூரையையும் கலிபோர்னியாவின் லிக் ஆய்வகத்துக்குச் சும்மாவே கொடுத்துவிட்டார்.

என் முக்காலி இன்னும் மாடியில்தான் இருக்கிறது. அதன் ஒரு காலில் துணிக்கொடி கட்டியாயிற்று. மூன்று நாளாக மேகம், துணியும் காயவில்லை.